பிக்கப் டிரக்கில் ஃபாக் லைட் ஆடுகிறதா? ஸ்பேனரை எடுக்கும் முன் விரலால் அழுத்திப் பாருங்கள்

விளக்கை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு ஃபாக் லைட் கண்ணாடியின் மேல் விளிம்பை ஆள்காட்டி விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அடுத்து கீழ் விளிம்பை. உள்ளே போய், விரலை எடுத்ததும் ‘டொக்’கென்று திரும்பி வருகிறதா? வந்தால் அது தளர்ந்திருக்கிறது.

“ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தானே, ஆடிவிட்டுப் போகட்டும்” என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. விளக்கின் உயரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல்பக்கப் பிடிப்பு தளர்ந்து, விளக்கின் தலை வெறும் 1.7 மி.மீ. பின்னால் சாய்ந்தால் அது 1 டிகிரி. வண்டிக்கு 7.6 மீட்டர் முன்னால் ஒரு சுவர் இருந்தால், அந்த 1 டிகிரி அங்கே 13 செ.மீ. உயரமாக மாறிவிடும். ஒழுங்காக வைத்த ஃபாக் லைட்டின் ஒளி அதே சுவரில் விளக்கின் மட்டத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்து விழவேண்டும் என்பது வழக்கமான அளவு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: தரையை நோக்கிப் போகவேண்டிய ஒளி மட்டத்தைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. பனிமூட்டத்தில் மேலே போகும் ஒளி நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வருகிறவருக்கும் கண் கூசும். ஃபாக் லைட்டைப் பம்பரில் அவ்வளவு தாழ்வாக வைப்பதே, அதன் ஒளி உங்கள் பார்வைக் கோட்டுக்குக் கீழேயே போய்த் தரையில் அகலமாக விழவேண்டும் என்பதற்காகத்தான்.

கழன்ற போல்ட்டை இறுக்கியதும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறவர்கள் அதிகம். அப்போது விளக்கு ஆடாது, உண்மைதான். தப்பான திசையைப் பார்த்தபடி ஆடாமல் நிற்கும்! அதனால் இந்த வேலையை இரண்டு பாதியாக எண்ணிக்கொள்ளுங்கள்: ஆட்டத்தை நிறுத்துவது முதல் பாதி, பார்வையைச் சரிசெய்வது இரண்டாம் பாதி.

ஆடுவது எது?

புதிதாக வேலை பழகுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பார்த்த போல்ட்டையெல்லாம் இறுக்கிவிட்டு, ஆட்டம் நிற்கவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்கள். ஃபாக் லைட் இருக்கும் இடத்தில் ஆடக்கூடிய பொருள்கள் ஐந்து. எது ஆடுகிறது என்று தெரியாமல் கருவியைத் தொடவேண்டாம்.

ஒரு கையால் விளக்கின் கண்ணாடியை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் கவரை மறுகையால் ஆட்டுங்கள். கவர் மட்டும் ஆடினால் உங்களுக்கு நல்ல காலம். அது கிளிப் சமாச்சாரம். மேடுபள்ளத்தில் கடகடவென்று சத்தம் வரும், ஒளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கவரைக் கழற்றி, உடைந்த கிளிப்பை மாற்றிவிட்டுப் போகலாம். இந்தக் கட்டுரையின் மிச்சத்தைப் படிக்கவே வேண்டியதில்லை.

கவர் அசையவில்லை, விளக்கு மொத்தமாக மேலும் கீழும், இடமும் வலமும் எல்லாப் பக்கமும் தொளதொளவென்று ஆடுகிறது என்றால், விளக்கைப் பிராக்கெட்டோடு, அதாவது அதைத் தாங்கும் சட்டத்தோடு, பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது போல்ட் நுழையும் பிளாஸ்டிக் ‘காது’ உடைந்திருக்கும். அடிக்கடி வரும் கோளாறு இதுதான்.

மேலும் கீழும் மட்டும் தலையாட்டுகிறது, பக்கவாட்டில் அசையவில்லை என்றால் சந்தேகம் அட்ஜஸ்டர் திருகின் மேல் போகவேண்டும். பெரும்பாலான ஃபாக் லைட்டுகளில் உயரத்தை மாற்ற மட்டுமே திருகு இருக்கும், பக்கவாட்டுக்கு இருக்காது. அதனால் ஒரே திசையில் வரும் ஆட்டம் நல்ல துப்பு.

நான்காவது, பம்பர். பிக்கப்பில் இதை மறக்கக்கூடாது. எஃகு பம்பர் உள்ள வண்டிகளில் பம்பரைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட் தளர்ந்துவிட்டால், விளக்கு தன் இடத்தில் கெட்டியாக இருந்தாலும் பம்பரோடு சேர்ந்து ஆடும். பம்பரின் ஓரத்தைப் பிடித்து உலுக்கினாலே தெரிந்துவிடும். வண்டியைக் கயிறு கட்டி இழுத்தது, வேலி மரத்தில் இடித்தது மாதிரி எதாவது நடந்திருந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

ஐந்தாவது பல்பு. வெளியே எதுவும் அசையவில்லை, ஆனாலும் சுவரில் விழும் ஒளி நடுங்குகிறது என்றால், பின்னாலிருந்து செருகிய பல்பு முழுசாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளவில்லை. பழைய பல்பை எடுத்துவிட்டு, பின்பக்கம் விசிறியோ கனமான உலோகத் துடுப்போ வைத்த எல்.இ.டி. பல்பைப் போட்டவர்களுக்கு இது வரும். அந்தக் கனத்தைத் தாங்குவதற்காக அந்த இடம் செய்யப்படவில்லை.

சந்தேகம் தீரவில்லையா? அடுத்த பக்க விளக்கையும் இதேபோல் அழுத்திப் பாருங்கள். அது எவ்வளவு அசைகிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கு இயல்பான அளவு.

கழற்றுவதற்கு முன்

இருட்டிய பிறகு வண்டியைச் சுவருக்கு முன் நிறுத்தி, நன்றாக இருக்கும் பக்கத்து விளக்கின் ஒளி சுவரில் எங்கே விழுகிறது என்று ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். வண்டியின் டயர்கள் நின்ற இடத்தையும் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பார்வையைச் சரிசெய்யும்போது இந்த அடையாளம் பெரிய உதவி. பிறகு பின்பக்கத்திலிருந்து இரண்டு விளக்குகளையும் போனில் படம் எடுங்கள். எந்த ஒயர் எதற்கு மேலே போகிறது, எந்த போல்ட்டுக்கு வாஷர் இருக்கிறது என்பதெல்லாம் கழற்றும்போது ஞாபகத்தில் இருக்கும் என்று நினைப்போம். இருக்காது.

சாமான்கள் அதிகம் வேண்டாம். 10-ஆம் நம்பர், 8-ஆம் நம்பர் சாக்கெட்டுகள், அவற்றுக்கு ஒரு ரேச்சட்டும் நீளமான எக்ஸ்டென்ஷனும், ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஆறு முனை நட்சத்திரத் தலை கொண்ட டார்க்ஸ் பிட்டுகள், கிளிப் நெம்ப பிளாஸ்டிக் நெம்புகோல், துரு இளக்கும் ஸ்பிரே, கையுறை, தலையில் மாட்டும் டார்ச். கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். பம்பருக்குக் கீழே படுத்து மேலே பார்க்கும்போது வருஷக்கணக்கில் சேர்ந்த காய்ந்த சேறும் துருத்தூளும் நேராகக் கண்ணில்தான் விழும்.

வண்டி சமதரையில் நிற்கட்டும். கை பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிக்கப்புக்குத் தரையிலிருந்து உயரம் இருப்பதால் பெரும்பாலும் ஜாக்கி இல்லாமலேயே கை எட்டும். எட்டவில்லை என்று தூக்கினால் ஸ்டாண்டு வைக்காமல் கீழே போகாதீர்கள். ஜாக்கி வண்டியைத் தூக்க மட்டும்தான், தாங்கி நிற்க அல்ல.

பின்பக்கம் எட்டும் வழி

மூன்று வழிகள் இருக்கின்றன. உங்கள் வண்டிக்கு எது என்பது பம்பரின் அமைப்பைப் பொறுத்தது.

எஃகு பம்பராக இருந்தால் கீழிருந்து கையை நீட்டினாலே விளக்கின் முதுகு தட்டுப்படும். அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு மறைத்தால் அதில் நாலைந்து திருகுகளைக் கழற்றிக் கீழே மடக்கிக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் பம்பர் என்றால் பெரும்பாலும் சக்கரத்தின் பக்கமாகப் போகவேண்டியிருக்கும். வலது விளக்கு வேலைக்கு ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்து வைத்தால், முன்சக்கரத்தின் முன்பகுதி உள்ளே திரும்பி, அதற்கு முன்னால் கை விட இடம் திறக்கும். இடது விளக்குக்கு வலப்பக்கம். சக்கரத்தை வளைத்து மூடியிருக்கும் ஃபெண்டர் லைனர் என்ற தட்டின் முன்பாதித் திருகுகளை மட்டும் எடுத்து, தட்டை மெல்ல வளைத்துக் கையை விடுங்கள். தட்டை முழுசாகக் கழற்றவேண்டியதில்லை. அதிலிருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு நடுவில் ஒரு குச்சி இருக்கும். முதலில் அந்த நடுக்குச்சியை நெம்பி வெளியே எடுத்த பிறகே கிளிப் வரும். மொத்தமாகப் பிடித்து இழுத்தால் தலை மட்டும் கையோடு வந்துவிடும்.

மூன்றாவது, முன்பக்க வழி: கவரை நெம்பி எடுத்தால் விளக்கின் திருகுகள் நேராகத் தெரியும். நெம்பும் இடத்தில் பெயிண்ட் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், கீறல் விழாது.

கையை உள்ளே விட்டதும் முதல் வேலை கனெக்டரைக் கழற்றுவது. பூட்டு நாக்கை அழுத்தியபடி பிளாஸ்டிக் உடலைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்கவேண்டாம். சேறு அடைத்து நாக்கு அமுங்காவிட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மறுபடி முயலுங்கள்.

போல்ட் தளர்ந்திருந்தால்

துருப்பிடித்த போல்ட்டாக இருந்தால் ஸ்பிரே அடித்து 15 நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுங்கள். ஒரே மூச்சில் பலம் கொடுத்தால் தலை முறிந்து கையில் வந்துவிடும். ஸ்பிரே விளக்குக் கண்ணாடியில் தெறிக்காமல் ஒரு துணி மறைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த போல்ட்டை வீசிவிடாமல் கையில் வைத்துப் பாருங்கள். மரை தேய்ந்திருக்கிறதா? போல்ட் நன்றாக இருந்து நட்டில் கோளாறா? பல வண்டிகளில் இங்கே இருப்பது சாதாரண நட் அல்ல, தகட்டின் விளிம்பில் செருகி நிற்கும் யு வடிவ கிளிப் நட். மெல்லிய தகட்டில் செய்தது. ஒரு தடவை மரை போனால் எவ்வளவு இறுக்கினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. அதை மாற்றத்தான் வேண்டும். பெரிய போல்ட்டை அதில் திணித்து மரை வெட்டிக்கொள்ளச் செய்யும் வித்தை அடுத்த முறை இரட்டை வேலை வைக்கும்.

இப்போது நிறையப் பேர் கவனிக்காமல் விடும் ஓர் இடத்துக்கு வருவோம். விளக்கின் காதிலிருக்கும் ஓட்டைக்குள் பல விளக்குகளில் ஒரு சின்ன உலோகக் குழாய், விரல் நகத்தளவு, செருகியிருக்கும். போல்ட்டின் அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் குழாய்தான், பிளாஸ்டிக் அல்ல. முன்பு யாரோ கழற்றியபோது அது உருண்டு தொலைந்திருந்தால், போல்ட்டை இறுக்கும்போது பிளாஸ்டிக் நசுங்கிக்கொடுக்கும். அப்போது கெட்டியாக இருப்பது போலத் தெரியும். ஒரு வாரம் வெயிலிலும் அதிர்விலும் ஓடியதும் நசுங்கிய பிளாஸ்டிக் இன்னும் கொஞ்சம் இளகி, போல்ட் மறுபடி தளர்ந்திருக்கும். “மூணு தடவை இறுக்கிட்டேன், மூணு தடவையும் கழண்டுடுச்சு” என்கிறவர் வண்டியில் நான் முதலில் தேடுவது இந்தக் குழாயைத்தான். அடுத்த பக்க விளக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருந்து இங்கே இல்லையென்றால் காரணம் கிடைத்துவிட்டது. அதே உயரத்துக்கு வெட்டிய உலோகக் குழாய்த் துண்டு அதன் வேலையைச் செய்யும்.

திரும்பப் போடும்போது பிளாஸ்டிக்கின் மேல் அகலமான தட்டை வாஷர் வையுங்கள். ஸ்பிரிங் வாஷரை நேராகப் பிளாஸ்டிக்கில் வைத்தால் அதன் கூர்முனை உள்ளே குடையும். உலோகத்தோடு உலோகம் சேரும் எம்6 போல்ட், அதாவது 10-ஆம் நம்பர் தலை உள்ளது, 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தைத் தாங்கும். பிளாஸ்டிக்கில் நேராக ஏறும் திருகுக்கு அதில் கால்வாசி போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையா? ரேச்சட்டைக் கைப்பிடியில் பிடிக்காமல் தலைக்கு அருகில் இரண்டு விரலால் பிடித்துத் திருப்புங்கள். வாஷர் உட்கார்ந்து விரல் நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

போல்ட் கழலாமலிருக்க மரையில் விடும் நீலநிறப் பசையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். உலோக நட், உலோக பிராக்கெட் என்றால் ஒரு சொட்டு விடலாம். பிளாஸ்டிக் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். அந்த வகைத் திரவம் ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளில் வழிந்தால் மயிரிழை விரிசல் விடவைக்கும். அங்கெல்லாம் உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட்டே நல்லது.

காது உடைந்திருந்தால்

உடைந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். உடைப்பு பளிச்சென்று சுத்தமாக இருந்தால் சமீபத்தில் எதிலோ இடித்திருக்கிறது. மண் படிந்து மங்கியிருந்தால் ரொம்ப நாள் விரிசல், அதிர்வில் மெல்ல மெல்ல வளர்ந்து இன்று விட்டிருக்கிறது. இரண்டாவது ரகம் என்றால் மற்றக் காதுகளிலும் விரிசல் தொடங்கியிருக்கும், எல்லாவற்றையும் பாருங்கள். பிளாஸ்டிக் மஞ்சளித்து நொறுங்குகிற பதத்தில் இருந்தால் பல்பின் வாட் அளவையும் சரிபாருங்கள். எச்11 பல்பு 55 வாட், எச்8 35 வாட், எச்16 19 வாட். மூன்றின் அடிப்பகுதியும் ஒரே குடும்பம், பார்க்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். 19 வாட்டுக்குச் செய்த கூட்டில் நாக்கைச் சீவி 55 வாட்டைத் திணித்தால் சூடு பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

முழு விளக்கையும் மாற்றுவதுதான் சுத்தமான வழி. ஒரு காதுதான் போயிருக்கிறது, மற்றவை கெட்டியாக இருக்கின்றன என்றால் ஒட்டிப் பார்க்கலாம். அதற்கு முன் கூட்டின் முதுகில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே அச்சாகியிருக்கும் எழுத்தைத் தேடுங்கள். அது பிளாஸ்டிக்கின் வகை. பி.பி. என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன். அதில் எந்தச் சாதாரண பசையும் நிற்காது, மெழுகில் ஒட்டியது போல உரிந்து வரும். ஏ.பி.எஸ்., பி.சி. என்றால் இரு பாகம் கலக்கும் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். உடைந்த முகங்களை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மேலே ஒரு மெல்லிய அலுமினியப் பட்டையோ கம்பி வலைத் துண்டோ வைத்துச் சேர்த்து ஒட்டுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். தின்னரும் பெட்ரோலும் கண்ணாடிப் பக்கமே வரக்கூடாது. ‘கண்ணாடி’ என்று சொல்வது பல விளக்குகளில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான், ஒரு துடைப்பில் மங்கிவிடும்.

சூப்பர் குளூ வேண்டாம். அது கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் வளையாது, அதிர்வில் கண்ணாடி மாதிரி விட்டுப்போகும். சூடாக்கி ஒட்டும் பசைக் குச்சி விளக்கின் சூட்டிலேயே இளகிவிடும்.

பசை பிடிக்காத பிளாஸ்டிக்கா? 2 மி.மீ. தடிமன் அலுமினியப் பட்டையை எல் வடிவில் வளைத்து, ஒரு முனையைக் கூட்டின் முதுகிலும் மறுமுனையைப் பிராக்கெட்டிலும் போல்ட் போட்டுப் பிடிக்கலாம். துளையிடுவதற்கு முன் அந்த இடத்துக்குப் பின்னால் விளக்கின் உள்ளறை இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். உள்ளறையில் ஓட்டை விழுந்தால் முதல் மழையிலேயே தண்ணீர் ஏறி, பிரதிபலிப்பான் கறுத்து, புது விளக்குதான் வாங்கவேண்டும். பழைய இடத்தை விட்டு வேறு இடத்துக்கு விளக்கை மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம்: ஐ.நா.வின் 48-ஆம் எண் வாகன விதியைப் பின்பற்றும் நாடுகளில் இந்த ரக வண்டிக்கு ஃபாக் லைட் தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் கீழேயும் 80 செ.மீ.க்கு மேலேயும் இருக்கக்கூடாது.

கேபிள் டை பற்றியும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். உடைந்த காதுக்குப் பதில் இரண்டு டைகளைப் போட்டு இழுத்துக் கட்டினேன், கூடவே தொங்கிய ஒயரையும் சேர்த்து. விளக்கு நின்றதென்னவோ நிஜம். ஆனால் அது நடுங்கும்போதெல்லாம் பிராக்கெட்டின் ஓரத்தில் ஒயர் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டே மாதம், மேல்தோல் போய்ச் செம்பு வெளியே வந்து, ஒரு மழை நாளில் ஃபியூஸ் போனது. இரண்டு விளக்கும் ஒரே ஃபியூஸ் என்பதால் நல்ல விளக்கும் சேர்ந்து அணைந்துவிட்டது. வழியில் மாட்டிக்கொண்டால் வீடு போய்ச் சேர டை கட்டுங்கள், தப்பில்லை. ஒயரை அதற்குள் சேர்க்காதீர்கள்.

அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தால்

திருகின் நுனியில் ஒரு சின்ன உருண்டை, அது உட்காரும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். இவ்வளவுதான் அமைப்பு. உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருந்தால் கையாலேயே நேராக வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று உட்காரும். கிண்ணத்தின் வாய் பிளந்திருந்தால் மறுபடி மறுபடி கழலும், கிண்ணத்தை மாற்றவேண்டும். சில விளக்குகளில் அது தனியாகக் கிடைக்காது, முழு விளக்குதான்.

மூடும் முன் ஒயரைப் பாருங்கள்

கனெக்டரைத் திரும்பச் செருகுவதற்கு முன் உள்ளே பச்சை படிந்திருக்கிறதா, ரப்பர் சீல் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செருகும்போது நாக்கு ‘க்ளிக்’ என்று பூட்டும் சத்தம் கேட்கவேண்டும். பல்பைத் தொட நேர்ந்தால் கையுறையோடு உலோக அடிப்பகுதியையோ பிளாஸ்டிக் அடிப்பகுதியையோ பிடியுங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் எண்ணெய் பட்ட இடம் தனியாகச் சூடேறி ஆயுள் குறையும். ஒயர் கூர்மையான ஓரத்தில் படாமலும், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால் டயரில் உரசாமலும் இருக்கட்டும்.

சுவருக்கு முன்னால்

இப்போது இரண்டாம் பாதி. டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். சமதரையில், விளக்கின் கண்ணாடியிலிருந்து சுவர் வரை 7.6 மீட்டர், அதாவது 25 அடி, அளந்து வண்டியை நேராக நிறுத்துங்கள். முன்பு சாக்பீஸ் போட்ட இடம் இதே தூரமென்றால் அங்கேயே நிறுத்தலாம். தரையிலிருந்து விளக்கின் நடு மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் கிடையாக ஒரு டேப். அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு டேப். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

ஒரு விளக்கை மட்டும் பார்க்க, மற்றதற்கு முன்னால் ஓர் அட்டையைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். துணி போர்த்தவேண்டாம், ஹாலஜன் சூட்டில் கருகும். சுவரில் அகலமான, தட்டையான ஒளிப்பட்டை தெரியும். அதன் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். அந்த விளிம்பு கீழ் டேப்பில் உட்காரும்வரை அட்ஜஸ்டரைக் கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து தள்ளி நின்று பாருங்கள். கடைசித் திருப்பல் இறுக்கும் பக்கமாக முடியட்டும், மரையிலிருக்கும் சின்ன இடைவெளி அப்போதுதான் அடைபடும். பிறகு கையை முட்டியாக்கிப் பம்பரில் ஒரு தட்டு. ஒளி ஒரு கணம் அதிர்ந்து அதே கோட்டுக்குத் திரும்பினால் சரி. வேறு இடத்தில் போய் நின்றால் எங்கோ இன்னும் தளர்வு இருக்கிறது.

60 செ.மீ. உயரத்திலிருக்கும் விளக்கை இப்படி வைத்தால் ஒளியின் மேல்விளிம்பு சுமார் 45 மீட்டரில் தரையைத் தொடும். ஃபாக் லைட்டுக்கு அதற்கு மேல் போகவேண்டிய வேலையும் இல்லை.

பிக்கப்பில் மட்டும் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. பின்னால் சுமை ஏற்றினால் பட்டை ஸ்பிரிங் அமுங்கி, வண்டியின் மூக்கு மேலே பார்க்கும். முன், பின் அச்சுகளுக்கு நடுவே 3.2 மீட்டர் உள்ள வண்டியில் பின்பக்கம் 5 செ.மீ. இறங்கினால், அந்தச் சுவரில் ஒளி கிட்டத்தட்ட 12 செ.மீ. ஏறும். நீங்கள் அரை மணி நேரம் மெனக்கெட்டுக் கொண்டுவந்த 10 செ.மீ. இறக்கம் அதோடு போயிற்று. ஆகவே காலி வண்டியில் சரிசெய்துவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடவேண்டாம். வழக்கமாக எவ்வளவு சுமையோடு ஓடுகிறீர்களோ அதைத் தொட்டியில் வைத்துக்கொண்டே சரிசெய்யுங்கள். ஒரு நாள் காலி, ஒரு நாள் முழுச்சுமை என்று ஓடுகிறவர் சுமை உள்ள நிலைக்கே வைத்துக்கொள்ளலாம். காலியாக ஓடும்போது ஒளி கொஞ்சம் கிட்டத்தில் விழும், யார் கண்ணையும் கூசாது.

எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும், ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்ட் பேனாவால் ஒரே நேர்க்கோடு இழுத்துவிடுங்கள். மேடுபள்ளமான வழியில் ஒரு வாரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்து தலையில் ஒரு பாதியும் பிராக்கெட்டில் ஒரு பாதியுமாக விலகியிருந்தால் அந்த போல்ட் திரும்பியிருக்கிறது. மறுபடி இறுக்குவதற்கு முன் அதைக் கழற்றி, காதுக்குள் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்.